ஹூக்ளிக்கு அடியில் இன்னொரு வழி

மண்வெட்டிக்கும் மழைநீருக்கும் தப்பினால்தான் கொல்கத்தாவில் கேபிள் பிழைக்கும். கண்ணாடி இழையில் ஓடும் ஒளி கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல் மட்டுமே இழக்கிறது. ஆனால் சாலையில் யாரோ வெட்டும் ஒரு பள்ளம் போதும், வங்கியும் மருத்துவமனையும் ஊமையாகிவிடும்.

எனவே ஆப்டிக்கல் ஃபைபர் திட்டப் பொறியாளரின் முதல் விதி: எந்த இடத்துக்கும் இரண்டு வழி, இரண்டும் ஒரே பள்ளத்தில் போகக் கூடாது. ஹௌராவுக்கு அது எளிதல்ல. குறுக்கே ஹூக்ளி நதி, பாலங்களோ சில.

1839இல் ஓஷாநஸ்ஸி தந்திக் கம்பியைச் சோதித்துப் பார்த்த ஊர் இது. 2024 மார்ச்சில் நதிக்கடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, அதே சுரங்கப் பாதையில் ஏர்டெல்லின் ஃபைபரும் கடந்தது. பாலத்தில் அறுந்தால் சுரங்கம் கைகொடுக்கும்.

அறுந்தது யாருக்கும் தெரியாமல் போனால், பொறியாளர் ஜெயித்துவிட்டார் என்று பொருள்.