யாவர்க்கும் பொதுவான சின்னங்கள்

தமிழ்நாட்டின் பெரிய இருப்புப்பாதைச் சந்திப்புகளுள் விழுப்புரம் ஒன்று. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பாதையினின்றும் புதுச்சேரிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் கிளைப்பாதைகள் இங்கே பிரிகின்றன. அதற்கு வடக்கேயுள்ள திண்டிவனம், சாலைகள் பிரியும் ஊராகும். அங்கிருந்து ஒரு சாலை புதுச்சேரிக்கும், மற்றொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் செல்கின்றன. ஆதலால் இவ்விரண்டு ஊர்களிலும் வந்து இறங்குவோர் பல திறத்தினர். அண்ணாமலையாரை வழிபடச் செல்லும் ஆந்திர நாட்டார் உளர். செஞ்சிக் கோட்டையைக் காண வரும் வடநாட்டார் உளர். புதுச்சேரிக்குச் செல்லும் அயல்நாட்டார் உளர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மருத்துவமனையை நாடி வரும் முதியோரும் உளர்.

எழுதப் படிக்க அறியாத மூதாட்டி ஒருத்தி பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகின்றாள் எனக் கொள்வோம். குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று பலகைகளில் எழுதப்பட்டுள்ளது. ஆயினும், அவளுக்கு அவ்வெழுத்துகள் வெறுங்கோடுகளே. தண்ணீர் எங்கே என்று பிறரை வினவுதற்கு நாணம் இல்லை. கழிப்பறை எங்கே என்று முன்பின் அறியாத ஆடவரிடம் அவள் எவ்வாறு வினவுவாள்? வினவாமலே துன்பத்தைப் பொறுத்துக்கொள்வாள். அவ்விடத்தில் ஒரு பெண்ணுருவம் தெளிவாக வரையப்பட்டிருக்குமாயின், அவள் எவரையும் எதிர்பாராது தானே செல்வாள். தமிழ் அறியாத பயணிக்கும் அவ்வுருவமே வழிகாட்டும். ஆகவே, பொதுச் சின்னம் என்பது வெறும் அலங்காரம் அன்று. மனிதரின் மானத்தைக் காக்கும் துணையும் ஆகும்.

படத்தின் ஆற்றலை நம் நாட்டார் முன்னரே அறிந்துள்ளனர். 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில், வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர். எனவே, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் வாக்குச்சீட்டை இட்டனர். அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களும் அவ்வாறே வாக்களித்தனர். எழுத்தறியாதாரும் நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கப் படங்கள் உதவின.

தேர்தற் சின்னம் ஒரு வேட்பாளரையோ கட்சியையோ குறிப்பது. எல்லோருக்கும் பயன்படும் சின்னமோ எவர்க்கும் தனியுடைமை ஆகாது. இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர் ஜப்பானியர். 1964ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. பல நாட்டு மக்கள் அங்கே வந்து கூடினர். அவர்களுள் ஜப்பானிய மொழி அறிந்தோர் மிகச் சிலரே. கத்சுமி மசாரு என்னும் கலை அறிஞரின் தலைமையில் இளம் ஓவியர் பலர் ஒன்றுகூடி, உணவகம், தொலைபேசி, கழிப்பறை முதலியவற்றிற்குச் சின்னங்கள் வரைந்தனர். பணி முடிந்ததும், அச்சின்னங்களின்மீது தமக்குள்ள உரிமையைத் துறப்பதாக அவர்கள் கையெழுத்திட்டனர். பொதுமக்களுக்காக ஆக்கியது பொதுமக்களுக்கே உரியது என்பது அவர்தம் கருத்து.

சக்கர நாற்காலிச் சின்னத்தின் வரலாறும் அறியத்தக்கது. 1968ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில், சூசன் கோஃபூட் என்னும் டென்மார்க்கு நாட்டு மாணவி அதனை வரைந்தாள். அதில் நாற்காலி இருந்தது; அமர்ந்திருப்பவரின் தலை இல்லை. கார்ல் மோன்டன் என்பவர் பின்னர் ஒரு வட்டம் சேர்த்தார். அவ்வட்டமே தலையாயிற்று, பொருளைக் காட்டிய படம் மனிதரைக் காட்டும் படமாயிற்று. ஒருவர் வரைந்ததை மற்றொருவர் திருத்துதலால் விளையும் நன்மைக்கு இது சான்றாகும்.

அமெரிக்க நாட்டில் வரைகலைக் கழகமும் அரசின் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து 1974ஆம் ஆண்டில் 34 சின்னங்களையும், 1979ஆம் ஆண்டில் மேலும் 16 சின்னங்களையும் வெளியிட்டன. இவ்வைம்பதையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2011ஆம் ஆண்டில் அந்நாட்டு நகரங்கள் சிலவற்றில் ‘ஐகானத்தான்’ என்னும் கூட்டங்கள் நடைபெற்றன. ஓவியரோடு, அவ்வத்துறை அறிந்தோரும், வரையப் பழகாத பொதுமக்களும் தன்னார்வத்துடன் அமர்ந்து, நகர வாழ்விற்கு வேண்டிய சின்னங்களை ஆராய்ந்தனர். அவர்கள் ஆக்கிய சின்னங்களும் பொதுவுடைமையாக வழங்கப்பட்டன.

எல்லாச் சின்னங்களையும் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்று எண்ணுதல் தவறு. வெண்மைப் பரப்பிலுள்ள செஞ்சிலுவை, போர்க்களத்தில் மருத்துவரையும் காயமுற்றோரையும் காக்கும் அடையாளம். அதனை மருந்துக்கடைகளில் வரைதல் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்திற்கு முரணானது. கண்டவிடமெல்லாம் அதனை வரைந்தால், காக்க வேண்டிய வேளையில் அதன் மதிப்புக் குன்றிவிடும். உயிர்காக்கும் அடையாளத்திற்குக் கட்டுப்பாடு வேண்டும். வழிகாட்டும் சின்னத்திற்கு விடுதலை வேண்டும்.

மாணவர்களே! இப்பணியை நீங்களும் செய்யலாம். நம் ஊர்களில் எவ்விடத்தில் மக்கள் வழி தெரியாது நிற்கின்றனர் என்பதை முதலில் கண்டறியுங்கள். நால்வர் ஐவர் சேர்ந்து, அவ்விடத்திற்கேற்ற படத்தை மிகச் சில கோடுகளால் வரையுங்கள். பின்னர், படிக்க அறியாத பெரியவர் ஒருவரிடம் அதனைக் காட்டி, அது குறிப்பது யாது என்று வினவுங்கள். அவர்க்குப் பொருள் விளங்கவில்லையாயின், குறை அவருடையது அன்று, படத்தினுடையது. முகம் சுளிக்காது மீண்டும் வரையுங்கள். பத்தடி தொலைவில் நின்று பார்த்தும் சோதியுங்கள். நன்கு அமைந்த சின்னத்தில் உங்கள் பெயரைப் பொறிக்காது, ஆசிரியர் வழியாக நகராட்சிக்கு அளியுங்கள்.

வழிப்போக்கர்க்குச் சாலையோரத்தில் நிழல்மரம் வைத்தோரும், சுமைதாங்கிக் கல் நிறுத்தியோரும் நம் முன்னோர். அந்நிழலில் தங்கியோர் மரம் வைத்தவரின் பெயரை அறியார். ஆயினும் களைப்பு நீங்கிச் சென்றனர். நல்ல பொதுச் சின்னமும் அத்தகைய அறமேயாம்.