கல்லும் எச்சமும்: முத்துக்குளிப்போர் பற்றிய ஓர் ஆய்வு

பாண்டிநாட்டு முத்தின் பெருமை இலக்கியத்திற் பலபடப் பேசப்பட்டுள்ளது. அம்முத்தை எடுத்தோரின் நிலையோ அத்துணை ஆராயப்பட்டிலது. கடல்வளத்தை வருங்காலத்துக்கும் பேணுதல் பற்றி உலகம் எண்ணும் இந்நாளில், அவ்வளத்தின்பொருட்டு உடல்நலம் இழந்தோர் எவ்வாறு எண்ணப்பட்டனர் என்பதை இரு சொற்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்சொல் 'கல்'. திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை, பரதவரின் பழைய ஏழூர்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. அக்கரையோர் முத்துக்குளிப்பிற் கயிற்றிற் பிணித்த கல்லின் துணையால் ஆழத்துக்கு இறங்கினர். நாயக்கர் காலத்தும் ஒல்லாந்தர் காலத்தும் ஆள்வோர் முதலியோர்க்குரிய பங்கு, 'இத்துணைக் கல்' என்றே வரையறுக்கப்பட்டது. ஈண்டுக் கல் என்பது அதனைக் கொண்டு மூழ்குவோரின் உழைப்பு. இஃது ஆகுபெயர் என்று அமைதி கூறலாம். ஆயினும், ஆளிருக்க வேண்டிய இடத்திற் கருவி நின்றமையை நாம் நோக்குதல் வேண்டும். மூழ்க இயலாதவனுக்குக் கல் இல்லை. கல் இல்லாதவனுக்குக் கணக்கில் இடமில்லை.

மூழ்க இயலாமை எங்ஙனம் நேர்ந்தது? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகும். செவிப்பறை கிழிதலும் கேள்வி குன்றுதலும் அதனால் விளைவன. தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு இறுதியாக நடந்தது 1961இல் ஆகும். அதன்பின்னும் சங்குகுளித்தல் தொடர்ந்தது. குழாய்வழிக் காற்றுப்பெற்று நெடுநேரம் மூழ்குவோர் விரைந்து மேலெழின், குருதியில் வளிக்குமிழ்கள் தோன்றி மூட்டுவலியும் உறுப்புச் செயலிழப்பும் நேரலாம்.

இரண்டாவது சொல் 'எச்சம்'. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, கூன், குறள், ஊமை, செவிடு முதலாய எட்டினையும் இச்சொல்லால் தொகுத்துரைக்கும். ஆங்குச் செவிடு பிறப்பின் குறையாகக் கொள்ளப்பட்டது. முத்துக்குளிப்போன் செவிடோ தொழில் தந்தது. பிறர் அணியும் முத்துக்கு அவன் கொடுத்த விலை. கொற்கை முத்துக்குளிப்பிற் குற்றத்தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரையக் கடற் பெரிப்புளூசு' குறிக்கும். உரோம நாடுவரை சென்ற வணிகத்தின் அடியில் உரிமையற்றோர் உடல் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இக்காலத்து நிலையைக் காண்பாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வகுத்து, இரக்கத்தை விடுத்து உரிமையை அடிப்படையாகக் கொண்டது. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளுள் 4, 8, 10, 11, 17 ஆகியவற்றின் கீழ் மாற்றுத்திறனாளிகள் வெளிப்படையாகக் குறிக்கப்பெறுகின்றனர். கடல்வளம் பற்றிய 14ஆம் இலக்கு சிறுமீனவர் உரிமையைக் கூறுகின்றது. ஆனால் அவருள் உடல்நலம் இழந்தோரைச் சுட்டும் சொல் அதில் இல்லை. கல் கொண்டு எண்ணிய காலத்தின் விடுபாடு ஈண்டும் தொடர்கின்றது எனலாம்.

ஆகவே, ஆலந்தலை போன்ற ஊர்களிற் கடல்வளத் திட்டம் வகுப்போர், கடலுக்குச் செல்வோரை மட்டும் எண்ணுதல் போதாது. கடல்தொழிலால் உறுப்புக்குறை எய்திக் கரையில் நின்றோரையும், பிறவியிலேயே குறையுற்றோரையும் பெயர்சுட்டிக் கணக்கிட்டு, திட்டம் வகுக்கும் அவையில் அவர்க்கும் இடந்தருதல் வேண்டும். சிப்பிப் பாரின் இருப்பை அளந்தறிந்த துறைக்கு இது செயற்கரிய செயலன்று.