உங்களுக்குத் தெரியுமா? வாட் பாதியானால் சத்தம் பாதியாகாது!

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் 20 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறங்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்ற, வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். பாலக்காட்டு அடுக்குமாடி என்ன, தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டத்து லயங்கள் என்ன, பொதுச்சுவர் உள்ள இடத்தில் ஒரே ஒரு வாட்கூடப் பக்கத்து வீட்டை எழுப்பிவிடும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60!

ஆகவே கடையில் வாட்டை விசாரிப்பதைவிட ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு ஒலியை முறுக்கி வைத்தால்தான் இனிக்கும். வீட்டுக்கு அது வீண் செலவு. டிஜிட்டல் மாடலிங் வகை தாழ்ந்த ஒலியிலும் அதே கரகரப்பைத் தரும். பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50-ஐ அரை வாட்டுக்கே இறக்கலாம், விலைதான் கொஞ்சம் கடிக்கும். கையில் காசு குறைவா? வாக்ஸ் ஆம்ப்ளக் என்னும் சிறு கருவியைக் கிட்டாரிலேயே நேராகச் செருகி ஹெட்போனில் கேட்கலாம். பேட்டரியில் ஓடுவதால் மலைமழையில் கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஸ்பீக்கரில்தான் வாசிப்பேன் என்பவர்கள் பெட்டியைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி, பேஸைக் குறையுங்கள். சுவரையும் தளத்தையும் எளிதாகத் தாண்டுவது அந்த அடித்தொனிதான்.