உப்புநீர்த் தொட்டியில் பாசிப் பயிர்

கடலோரச் சிறு விவசாயிகள் துணைத் தொழிலாகக் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கலாம். இம்மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. ஆனால் குஞ்சு விட்ட சில நாட்களிலேயே மொத்தத்தையும் பறிகொடுப்பவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் நோயல்ல, தண்ணீர்தான்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகின்றன. அது மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் பெருகி அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்ற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை பொறுத்தே மீன் விட வேண்டும். நெல்லுக்கு யூரியா எப்படியோ, கடற்பாசிக்கு இக்கழிவு அப்படி. பாசி அதைத் தின்று வளர்கிறது, நீர் தெளிகிறது.

கஞ்சிப்பாசி இதற்கு ஏற்றது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. ஓரா மீனைச் சேர்த்து வளர்த்தால் பாசி மிஞ்சாது. தினம் 8 முதல் 10 மணி நேரம் விளக்கொளி போதும். நேர் வெயில் பட்டால் தண்ணீர் சூடேறிவிடும்.

பலரும் தவறுவது ஓரிடத்தில். வற்றிய அளவுக்குக் கடல்நீரையே ஊற்றுகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டிய உப்பு இப்படி நாளுக்கு நாள் ஏறி, மீனும் பாசியும் சோர்ந்துபோகும். கண்ணாடியில் நீர்மட்டத்தைக் கோடிட்டு, காலைதோறும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைநீர் உத்தமம். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது மட்டும் கடல்நீர் சேர்க்கலாம். சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுவது வீண்; கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகள் அதில் போதிய அளவு இல்லை.

பாசி அடர்ந்தால் மூன்றில் ஒரு பங்கை அறுத்தெடுக்க வேண்டும். அறுக்காவிட்டால் அடிப்பாசி ஒளியின்றி அழுகி, உண்ட சத்தை நீரிலேயே கக்கிவிடும். திராட்சைக் கொத்துப் போன்ற காலெர்ப்பா வகையில் இன்னும் கவனம் தேவை. அது இனப்பெருக்கத்துக்காக ஒரே இரவில் வெளுத்துச் சாகும். நீர் கலங்கி, காற்றின்றி மீன் தவிக்கும். வெளுப்பு தெரிந்தவுடன் முழுவதையும் அகற்றி, காற்றுக் குழாயை முழு வேகத்தில் விட வேண்டும்.

அறுத்த பாசியை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து எருக்குழியில் சேர்க்கலாம். கடலில் வீசக் கூடாது. 1984-ல் மொனாக்கோ கரையில் காணப்பட்ட காலெர்ப்பா, மீன் காட்சிச்சாலைத் தொட்டியிலிருந்து தப்பியது என்கிறார்கள். பின்பு மத்தியதரைக் கடலில் பல இடங்களில் அது களையாகப் படர்ந்தது.