புதினா குச்சி வேர் விடுகிறது, கறிவேப்பிலை ஏன் விடுவதில்லை? டம்ளர் தண்ணீர் தோட்டத்தில் எது சரி, எது தப்பு

ஒரு கட்டு புதினா வாங்கினால் பாதி சட்னிக்குப் போகும். மீதி ஃபிரிட்ஜில் கிடந்து, நாலாம் நாள் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகும். பெங்களூரு, புனே, குருகிராம் மாதிரி ஊர்களில் வாடகை வீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ சமைப்பவர்களுக்கு இது வாராவாரம் நடக்கிற கதை. காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைத்த கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் டெலிவரி ஆப்பில் தனியாகக் காசு வேறு.

மிஞ்சிய குச்சிகளை டம்ளர் தண்ணீரில் வைத்தால் செடியாகிவிடும் என்று சொல்லும் ரீல்ஸ் ஏகப்பட்டது இருக்கிறது. சில செடிகளுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு நடக்கவே நடக்காது. அதோடு, அந்த டம்ளர் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பதை ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை.

வெட்டிய குச்சி எப்படி வேர் விடுகிறது?

தண்டில் இலை முளைக்கும் இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கும். அதுதான் கணு. புதிய கிளைக்கான மொட்டு அங்கேதான் இருக்கும். செடியின் நுனிக் கொழுந்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகி, தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டிவிட்டால் அது மேற்கொண்டு போக வழியில்லாமல் வெட்டிய இடத்துக்கு மேலே சேரும். அந்தப் பகுதியில் உள்ள செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு வேராக மாறத் தொடங்கும். ஆக்சினுக்கு இந்த வேலை தெரியும் என்பது 1930-களின் நடுவில் நடந்த ஆய்வுகளிலேயே உறுதியாகிவிட்டது. நர்சரிகளில் விற்கும் வேர் ஹார்மோன் பவுடர் இதே வகை ரசாயனம்தான். சாப்பிடுகிற கீரைச் செடிக்கு அது வேண்டாம், தேவையும் இல்லை.

புதினா தரையோடு படர்கிற செடி. தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் கணுவில் வேர் விடுவது அதன் இயல்பு. விவசாயிகளும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பற்பசைக்கும் தைலத்துக்கும் மெந்தால் தருகிற புதினா உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்தில் ஏராளமாகப் பயிராகிறது. அங்கே விதைப்பதில்லை, வேர் விட்ட தண்டுகளைத்தான் நடுகிறார்கள். விதையில் வளர்த்தால் புதினாவின் மணம் செடிக்குச் செடி மாறும். குச்சியில் வளர்த்தால் தாய்ச்செடியின் நகலே கிடைக்கும். பெப்பர்மின்ட் இன்னும் ஒரு படி மேலே. அது இரண்டு புதினா இனங்களின் கலப்பு, மலட்டுச் செடி. விதை என்ற வழியே அதற்குக் கிடையாது.

சரி, எப்படி வைப்பது?

வாங்கும்போதே கட்டைத் திருப்பிப் பாருங்கள். அடித்தண்டில் வெள்ளை நூல் மாதிரி வேர் எட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பூக்காத, நிமிர்ந்து நிற்கிற தண்டாக நாலைந்தை எடுத்து, ஒரு ஜாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கீழ்ப் பாதி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். தண்ணீருக்குள் ஓர் இலை இருந்தாலும் அழுகி, மொத்தக் குச்சியையும் கெடுத்துவிடும். நான் முதல்முறை வைத்ததெல்லாம் கொழகொழவென்று போனது இதனால்தான்.

ஒன்றிரண்டு கணு தண்ணீருக்குள் இருந்தால் போதும். வெளிச்சமான ஜன்னல் ஓரம் சரி, ஆனால் நேர் வெயில் கூடாது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் சூடாகிவிடும், பாசியும் பிடிக்கும். பழுப்பு நிற பாட்டிலோ ஸ்டீல் டம்ளரோ இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அபார்ட்மென்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். அதில் சேரும் சோடியம் செடிக்கு ஆகாது.

ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வேர் தெரியும். துளசிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் பீட்சா கடை பேசிலுக்கும் இதே முறைதான், பூங்கொத்தை மட்டும் கிள்ளிவிட்டு வையுங்கள். கற்பூரவல்லிக்குத் தண்ணீரே வேண்டாம். ஒடித்த குச்சியைச் சில மணி நேரம் உலரவிட்டு நேரே மண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். அதிகம் தண்ணீர் ஊற்றித்தான் அதைக் கொல்ல முடியும். ரோஸ்மேரி கொஞ்சம் அடம். நீலகிரிக் குளிரில் செழிப்பாக வளர்கிற செடி அது. மணல் கலந்த மண்ணில் வைத்து ஒன்றரை மாதம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கறிவேப்பிலையும் கொத்தமல்லியும்

நாம் கடையில் வாங்கும் கறிவேப்பிலை ஈர்க்கு கிளை அல்ல. அந்த முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஒரே ஓர் இலை. நாம் உருவிப் போடுகிற சின்ன இலைகள் அதன் சிற்றிலைகள். மொட்டு இருப்பது அந்த ஈர்க்கு மரத்தோடு ஒட்டியிருந்த இடத்தில், அதாவது மரத்திலேயே தங்கிவிட்டது. மொட்டே இல்லாத ஒன்றைத் தண்ணீரில் வைத்து எத்தனை நாள் காத்திருந்தாலும் மரம் வராது. தண்டோடு சேர்ந்த கொப்பு கிடைத்தாலும் அது கட்டை மாதிரி இறுகியிருப்பதால் வேர் பிடிப்பது கஷ்டம். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைப்பது, இல்லையென்றால் தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைத் தோண்டி எடுப்பது, இந்த இரண்டுமே பலன் தரும். விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தாதீர்கள், சில வாரங்களில் முளைக்கிற சக்தி போய்விடும்.

கொத்தமல்லியிலும் இதே சிக்கல்தான். கட்டில் இருப்பது பெரும்பாலும் இலைக்காம்புகள். வேரோடு வாங்கி நட்டால் சில சமயம் துளிர்க்கும். ஆனால் அது ஒரே பருவத்துச் செடி, சீக்கிரம் பூத்து முடிந்துவிடும். அதைவிட, வறுக்காத தனியாவை உள்ளங்கையில் வைத்து இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்து விதைப்பது சுலபம்.

டம்ளருக்குள் கொசு

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீர் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். புதினா வேர் விடவும் அதே கால அளவுதான் ஆகிறது. அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது வேருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டம்ளர் வாயைப் பஞ்சாலோ துணியாலோ அடைத்தும் வைக்கலாம். ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் குச்சியை மண்ணுக்கு மாற்றிவிட்டுப் போங்கள். தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டிலும் இதே ஆபத்து உண்டு.

மண்ணுக்கு எப்போது?

வேர் விரல் அகலத்துக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். நீளமாக வளரட்டும் என்று விட்டுவைத்தால் தண்ணீருக்கே பழகிய வேர் மண்ணில் திணறும். அடியில் ஓட்டை உள்ள ஆறு, எட்டு அங்குலத் தொட்டியில் மண், மட்கிய உரம், கோகோபீட் கலந்து நட்டு, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்திருங்கள். முதல் இரண்டு நாள் வாடினால் பயப்பட வேண்டாம். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், பக்கத்தில் உள்ளதை அமுக்கிவிடும். கடைக் கட்டில் பூச்சிமருந்து எச்சம் இருந்திருக்கலாம் என்பதால் பழைய இலைகளை விட்டுவிட்டு, புதுத் துளிரிலிருந்து சமையலுக்குப் பறிப்பது நல்லது.

காசு மிச்சமாகுமா என்றால், உடனே ஆகாது. தொட்டிக்கும் மண்ணுக்கும் கொடுக்கிற பணத்தில் பல மாதத்துக்கான புதினா வாங்கலாம். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ரசத்துக்கு நாலு இலை வேண்டுமென்றால் ஒரு கட்டு ஆர்டர் செய்ய வேண்டாம். வீடு மாறும்போது மண் தொட்டியை லாரியில் ஏற்றவும் வேண்டாம். ஐந்தாறு குச்சியை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு பைக்குள் வைத்துக்கொண்டால் ஒரு நாள் ரயில் பயணத்தைத் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் முதலில் ஒரு டம்ளரைத் தேடி எடுங்கள்.