குமண வனத்துச் சிறுத்தையும் அதன் குருளைகளும்

அறுகம்பேயிலிருந்து பாணமை வழியாகத் தெற்கே செல்லும் பாதை உகந்தை முருகன் கோயிலை அடைந்து, அப்பால் குமண வனத்துட் புகுகின்றது. கதிர்காமத்து ஆடிவிழாவுக்குப் பாதயாத்திரை செய்யும் அடியார்கள் இவ்வனத்தைக் கடந்தே செல்வர். இங்கே சிங்கம் இல்லை. ஈழத்தில் முற்காலத்தே சிங்கம் வாழ்ந்ததென்பதற்குக் குருவிட்டையிற் கிடைத்த பற்களே சான்று; அவற்றை ஆராய்ந்து 1939ஆம் ஆண்டில் அவ்வினத்துக்குப் பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. இன்று இக்காட்டில் அரசு செலுத்துவது சிறுத்தையே. நாட்டார் இதனைப் புலி என்பர். புலியின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் குருளை என்னும் பெயரை வகுத்திருத்தலின், அப்பெயரே ஈண்டு ஆளப்படுகின்றது.

சிறுத்தை கருவைச் சுமக்குங் காலம் ஏறக்குறைய 3 மாதங்கள். சிங்கத்துக்கோ 110 நாட்கள் அளவில். லாகுகலைக் குளத்தருகே மேயும் யானை 22 மாதங்கள் சுமக்கின்றதே, இவ்வேற்றுமை எதனால்? புல்லுந் தழையும் யானைக்கு அஞ்சி ஓடுவதில்லை, புள்ளிமான் ஓடும். வயிறு பருத்த சிறுத்தை பதுங்கவும் பாயவும் இயலாது பட்டினி கிடக்க நேரும். ஆதலின் குருளைகள் மிகச் சிறியனவாய், அரைக் கிலோ அளவினவாய், கண் திறவாமலே பிறக்கின்றன. யானைக்கன்று பிறந்த சில மணி நேரத்திலேயே தாயுடன் நடக்கும். குருளைக்குக் கண் திறக்கவே பத்து நாட்கள் செல்லும். கருப்பையில் முடியாத வளர்ச்சியைப் பாறையிடுக்கும் அடர்புதருமே முடித்துவைக்கின்றன எனலாம்.

ஓரீற்றில் இரண்டு அல்லது மூன்று குருளைகள் பிறக்கும். தாய் வேட்டைக்குச் செல்லும்போது அவை ஒலியின்றிக் கிடக்கும். ஓரிடத்திலேயே நெடுநாள் வைத்தால் மணம் பிற விலங்குகளுக்குக் காட்டிக்கொடுக்குமாதலின், தாய் அவற்றை ஒவ்வொன்றாய் வாயிற் கவ்வி வேறிடம் மாற்றும். மூன்று மாத அளவில் பால்குடி மறக்கும். பின்னர்த் தாய் கொன்ற இரையிடத்துக்குச் சென்று உண்ணக் கற்கும். தாயின் வெள்ளிய வால்நுனியே புதரிடையே அவற்றுக்கு வழிகாட்டும் அடையாளம் என்பர். வேட்டைப்பயிற்சி எளிதன்று, ஓராண்டு நிரம்பிய குருளையும் பெரிய இரைக்குத் தாயையே எதிர்பார்க்கும். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரையில் அவை பிரிந்துசெல்லும்.

குசராத்தின் கிர் வனத்துச் சிங்கங்களின் நிலை வேறு. ஆறு முதல் எட்டு வாரம் தனித்து மறைத்து வளர்த்தபின், தாய் தன் குருளைகளைக் கூட்டத்திற் சேர்க்கும். அங்கே உறவுமுறைப் பெண்சிங்கங்கள் ஒன்றன் குருளைக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. சிறுத்தைக்குச் சிற்றன்னையும் இல்லை, பேரன்னையும் இல்லை. தந்தையும் வளர்ப்பிற் பங்குகொள்வதில்லை. புதிதாய் வந்த ஆண் குருளைகளைக் கொல்வதும் உண்டு.

இக்காரணத்தாலேயே காட்டெல்லையிற் பன்றிக்கு வைக்கப்படும் கம்பிச் சுருக்கு மிகக் கொடிதாகின்றது. பன்றிக்கென வைத்த கம்பி பாலூட்டும் சிறுத்தையை விலக்கி விடுவதில்லை. அதில் தாய் சிக்கி மாண்டால், கூட்டத்தில் வேறொரு தாய் பாலூட்டுமென்று எண்ணவும் இடமில்லை. தாய் விட்டுச்சென்ற இடுக்கிலேயே, அது கற்பித்தபடி, குருளைகள் ஒலியெழுப்பாது காத்துக்கிடக்கும்.