துடுப்பில் ஒரு துண்டு, கடலில் ஒரு தூரம்

பிள்ளைகள் ‘நீமோ’ என்று கூப்பிடும் கோமாளி மீன், முட்டையை விட்டு வெளியே வரும்போது அரிசிமணி அளவுகூட இருக்காது. உடனே நீரோட்டத்தோடு போய்விடும். 10, 12 நாள் கழித்து ஏதோ ஒரு கடல் சாமந்தியில் குடியேறும். நடுவில் எவ்வளவு தூரம் போனது? புலிக்கு மாட்டுகிற ரேடியோ பட்டையை இதற்கு மாட்ட முடியாது.

ஆனால் குடியேறிய மீன் பிறகு அந்த இடத்தைவிட்டு அநேகமாக நகர்வதில்லை. ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது அந்தச் சோம்பல்தான்.

பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் ஜெஃப்ரி ஜோன்ஸ், செர்ஜ் பிளான், சைமன் தோரல்ட் குழுவினர் பெரிய மீன்களைப் பிடித்து, துடுப்பில் துளி வெட்டியெடுத்து, அதே சாமந்தியில் விட்டார்கள். புதிதாக வந்த குஞ்சுகளிடமும் மாதிரி எடுத்தார்கள். மற்றதெல்லாம் ஆய்வகத்தில். டிஎன்ஏவின் ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்கு ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொன்று தகப்பனிடமிருந்தும் வரும். பல இடங்களை ஒப்பிடும்போது பொருந்தாத ஜோடிகள் கழிந்துபோகும். பெற்றோர் பிடிபட்டால், இரண்டு சாமந்திகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் குஞ்சின் பயணம்.

2009இல் வெளியான முடிவின்படி, சின்னஞ்சிறு கிம்பே தீவில் குடியேறிய குஞ்சுகளில் சுமார் 40 சதவீதம் அங்கேயே பிறந்தவை. அங்கே பிறந்த வேறு சில 35 கிலோமீட்டர் வரை போயிருந்தன. இப்படி மீன்பிடித் தடை உள்ள ஒரு திட்டு தன்னையும் நிரப்பிக்கொண்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம்.

கொசுவிடம் இந்த வழி செல்லாது. பிள்ளை சிக்குவதற்குள் தாய் பெரும்பாலும் செத்திருக்கும். கோலாலம்பூர் வட்டார அடுக்குமாடிகளில் சேகரித்த ஏடிஸ் கொசுக்களை வைத்து மோஷே ஜாஸ்பர், தாமஸ் ஷ்மிட் முதலானோர் 2019இல் சுற்றுவழியாகக் கணக்குப் போட்டார்கள். உடன்பிறந்தவை எவ்வளவு தள்ளிச் சிக்கின, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் எவ்வளவு தள்ளி? உடன்பிறந்தவற்றின் இடைவெளி, தாய் பல பாத்திரங்களில் முட்டையைப் பிரித்து இட்டதால் வருவது. ஒன்றுவிட்டவற்றில் அதோடு முந்தின தலைமுறையின் பயணமும் சேரும். பின்னதில் முன்னதைக் கழித்தால் (தூரத்தை அல்ல, அதன் வர்க்கத்தை) ஒரு தலைமுறை நகர்ந்த அளவு மிஞ்சும். அது சில பத்து மீட்டர்தான்! டெங்குவை அடக்க வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விடுபவர்கள், அவற்றைக் கட்டடம் கட்டடமாகக் கொண்டுபோய் விட வேண்டியிருப்பது இதனால்தான்.

மீன்களின் பெற்றோரைத் தேடும் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஆய்வாளர் மூழ்கித் தேடாத திட்டுக்குப் போன குஞ்சு எண்ணிக்கையில் வராது. ஓமன் கடற்கரையில் 400 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களின் கோமாளி மீன்களை, பெற்றோரைத் தேடாமல், எந்த ஊர்ப் பரம்பரை என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு பக்கத்து மீன்களுக்கு நடுவே மறுபக்கத்தில் பிறந்தவையும் இருந்தன.